3டி டிவி: பெட்டிக்குள் இல்லாத ஆழம் எங்கிருந்து வருகிறது?

2010ஆம் ஆண்டு முதல் அடுத்த ஆறேழு வருடங்களில் விற்பனையான பெரிய தொலைக்காட்சிப் பெட்டிகள் பலவற்றில் "3டி" என்ற சிறு குறியைக் காணலாம். கற்பிட்டி, பாலாவி, முந்தல், உடப்பு எனப் புத்தளம் மாவட்டத்தின் கரையோர ஊர்களில் மத்திய கிழக்கு நாடுகளில் உழைத்துத் திரும்பியவர்கள் பலர் இருக்கிறார்கள். அவர்கள் கொண்டுவந்த பெட்டியிலோ, யாரோ பாவித்து விற்ற பெட்டியிலோ அந்தக் குறி இருக்கலாம். கூடவே வந்த கறுப்புக் கண்ணாடிகள் அலுமாரிக்குள் கிடக்கலாம். ஒருமுறை போட்டுப் பார்த்துத் தலைவலி வந்ததும் மூடி வைத்தவர்களும் இருப்பார்கள்.

அந்தக் கண்ணாடியை வீட்டார் எல்லோரும் போட்டுக்கொண்டு "கைக்கு எட்டும்போல இருக்கு" என்று வியக்கும்போது, ஒருவர் மட்டும் "எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லையே" என்று சொல்வதுண்டு. நீண்ட போரைக் கண்ட நாட்டில் அந்தச் சொல்லுக்குப் பின்னால் ஒரு காயம் இருக்கக்கூடும். ஷெல் சிதறலிலோ கண்ணிவெடியிலோ ஒரு கண்ணின் பார்வையை இழந்தவருக்கு எவ்வளவு விலை உயர்ந்த முப்பரிமாணத் தொலைக்காட்சியும் ஆழத்தைக் காட்டாது. சிறு வயதிலிருந்தே மாறுகண் உள்ளவர்கள் பலருக்கும் இதே நிலைதான்.

காரணம் எளிது. தொலைக்காட்சிக்குள் ஆழம் கிடையாது. பெட்டி தருவது இரண்டு தட்டையான படங்களை மட்டுமே. அவற்றைச் சேர்த்து ஆழமாக்கும் வேலையைப் பார்ப்பவரின் இரண்டு கண்களும் மூளையும்தான் செய்கின்றன. இதைப் புரிந்துகொண்டால் கண்ணாடி எதற்கு, தலைவலி ஏன், வீட்டில் பார்க்கும்போது திரையரங்கின் பிரமிப்பு ஏன் வருவதில்லை, யாருக்கு இது வேலை செய்யாது என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் விடை கிடைத்துவிடும்.

இரண்டு கண், இரண்டு படம்

பெருவிரலை முகத்துக்கு முன்னால் ஒரு முழத் தூரத்தில் நிமிர்த்திப் பிடியுங்கள். இடக்கண்ணை மூடி வலக்கண்ணால் பாருங்கள். பிறகு வலக்கண்ணை மூடி இடக்கண்ணால் பாருங்கள். விரல் இடமும் வலமுமாகத் தாவும். பின்னால் உள்ள சுவர் அவ்வளவாக அசையாது.

வளர்ந்தவர்களின் இரண்டு கண்மணிகளுக்கும் இடையே சராசரியாகச் சுமார் 6.3 சென்ரிமீற்றர் இடைவெளி உண்டு. அதனால் ஒவ்வொரு கண்ணும் சற்று வேறுபட்ட கோணத்தில் உலகைப் பார்க்கிறது. கிட்டவுள்ள பொருளில் இந்த வேறுபாடு பெரிது, தொலைவிலுள்ள பொருளில் சிறிது. மூளை இந்த வேறுபாட்டை அளந்து "இது கிட்ட, அது எட்ட" என்று தீர்மானிக்கிறது. நாம் அறியாமலே ஒவ்வொரு கணமும் நடக்கும் வேலை இது. ஊசியில் நூல் கோக்கும்போதும், கிழிந்த வலையைப் பொத்தும்போதும், கோப்பைக்குள் தேநீர் ஊற்றும்போதும் இதுதான் உதவுகிறது.

ஆனால் ஆழத்தை அறிய மூளைக்கு இது ஒன்றுதான் வழி என்றில்லை. கற்பிட்டிக் கரையில் நின்று களப்பின் நடுவே போகும் வள்ளத்தைப் பாருங்கள். அந்தத் தூரத்தில் இரண்டு கண்களுக்கும் கிடைக்கும் படங்கள் ஏறக்குறைய ஒன்றேதான். சில நூறு மீற்றருக்கு அப்பால் இரு கண் வேறுபாட்டால் பெரிய பயனில்லை. ஆனாலும் வள்ளம் தொலைவில் நிற்கிறது என்று தெரிகிறது. சிறிதாகத் தெரிகிறது, நிறம் மங்கியிருக்கிறது, அடிவானத்துக்கு நெருக்கமாக இருக்கிறது, முன்னால் நிற்கும் கண்டல் மரம் அதை மறைக்கிறது. ஓடும் பஸ்ஸின் யன்னலால் பார்க்கும்போது கிட்டவுள்ள வேலிக்கம்பங்கள் விரைந்து பின்செல்ல, தூரத்துத் தென்னைகள் மெதுவாக நகர்வதும் ஆழத்தைச் சொல்லும் ஒரு குறிப்பு.

இந்தக் குறிப்புகளுக்கு ஒரு கண் போதும். சாதாரணத் தொலைக்காட்சிப் படத்திலும் இவை எல்லாம் இருக்கின்றன. தட்டையான திரையில் ஓடும் கிரிக்கெட் ஆட்டத்தில் பந்து எங்கே போகிறது என்று நமக்குப் புரிவது இவற்றால்தான். முப்பரிமாணத் தொலைக்காட்சி இவற்றோடு புதிதாகச் சேர்ப்பது ஒன்றை மட்டும்: இடக்கண்ணுக்கு ஒரு படம், வலக்கண்ணுக்கு இன்னொரு படம்.

நூற்று எழுபது வருடத்துக்கு மேற்பட்ட முயற்சி

இது புதிய கண்டுபிடிப்பு அல்ல. இரு கண்களுக்கும் வெவ்வேறு படங்களைக் காட்டினால் ஆழம் தோன்றும் என்பதை 1838இல் இங்கிலாந்தைச் சேர்ந்த சார்ள்ஸ் வீற்ஸ்ரன் விளக்கினார். அதற்காக அவர் கண்ணாடிகளைக் கொண்டு ஒரு கருவியும் செய்தார். பிறகு இரட்டைப் படம் ஒட்டிய அட்டைகளை ஒரு பார்வைக் கருவியில் வைத்துப் பார்ப்பது பெரிய வணிகமாக வளர்ந்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் அண்டர்வூட் அன்ட் அண்டர்வூட் நிறுவனம் விற்ற அத்தகைய அட்டைகளில் இலங்கைக் காட்சிகளும் இருந்தன.

தொலைக்காட்சியின் முன்னோடிகளில் ஒருவரான ஜோன் லோகி பெயார்ட், 1928ஆம் ஆண்டிலேயே லண்டனில் முப்பரிமாணத் தொலைக்காட்சியைச் செய்து காட்டினார். சாதாரணத் தொலைக்காட்சியே வீடுகளுக்கு வந்திராத காலம் அது.

தமிழ் பேசும் உலகுக்கு இந்த அனுபவம் திரையரங்கு வழியாக வந்தது. 1984இல் வெளியான மலையாளப் படமான "மை டியர் குட்டிச்சாத்தான்" இந்தியாவின் முதல் முப்பரிமாணப் படம். அடுத்த ஆண்டில் விஜயகாந்த் நடித்த "அன்னை பூமி" தமிழின் முதல் முப்பரிமாணப் படமாக வந்தது. அதன்பின் நீண்ட இடைவெளி. 2009இல் "அவதார்" உலகெங்கும் ஓடிய காலத்தையொட்டித் தொலைக்காட்சி நிறுவனங்கள் இந்தப் பக்கம் திரும்பின. அதே ஆண்டில் எச்.டி.எம்.ஐ. 1.4 என்ற இணைப்பு முறை முப்பரிமாணப் படத்தைக் கம்பி வழியே அனுப்புவதற்கான விதிகளை வகுத்தது. 2010இல் சம்சுங், பனசொனிக், சொனி, எல்.ஜி. ஆகியவை வீட்டுப் பாவனைக்கான பெட்டிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தன.

கண்ணாடி என்ன செய்கிறது?

திரை ஒன்று, படம் இரண்டு. இடக்கண்ணுக்குரிய படம் வலக்கண்ணுக்குப் போகக்கூடாது, வலக்கண்ணுக்குரியது இடக்கண்ணுக்குப் போகக்கூடாது. இந்தப் பிரிப்புக்குத்தான் கண்ணாடி. அதற்கு மூன்று வழிகள் உள்ளன.

மிகப் பழையது சிவப்பு-நீலக் கண்ணாடி. ஒரு படத்தைச் சிவப்பிலும் மற்றதை நீலப் பச்சையிலும் அச்சிட்டு ஒன்றன்மேல் ஒன்றாக வைப்பார்கள். சிவப்புத் தாள் ஒரு படத்தையும், நீலப் பச்சைத் தாள் மற்றதையும் மறைக்கும். எந்தத் தொலைக்காட்சியிலும், கைத்தொலைபேசியிலும், கடதாசியிலும்கூட இது வேலை செய்யும். நிறங்கள் கெட்டுவிடுவதுதான் குறை.

இரண்டாவது, மின்கலம் உள்ள கண்ணாடி. தொலைக்காட்சி இடக்கண் படத்தையும் வலக்கண் படத்தையும் மாறி மாறிக் காட்டும். செக்கனுக்கு 120 படங்கள் என்றால் ஒவ்வொரு கண்ணுக்கும் 60. கண்ணாடியின் இரு வில்லைகளிலும் திரவப் பளிங்கு இருக்கிறது. மின்சாரம் பாயும்போது அது இருண்டு கதவுபோல மூடிக்கொள்ளும். திரையில் இடக்கண் படம் வரும்போது வலப்பக்கக் கதவு மூடும், வலக்கண் படம் வரும்போது இடப்பக்கக் கதவு மூடும். எப்போது மூட வேண்டும் என்ற சைகையைத் தொலைக்காட்சி அகச்சிவப்பு ஒளி மூலமோ புளூடூத் மூலமோ அனுப்பும். திரையின் முழு நுணுக்கமும் ஒவ்வொரு கண்ணுக்கும் கிடைப்பது இதன் நன்மை. கண்ணாடி பாரமானது, விலை கூடியது, சார்ஜ் இறங்கினால் வேலை செய்யாது. ஒரு கண் மூடியிருக்கும் நேரத்தில் அதற்கு ஒளி கிடைக்காததால் படம் மங்கலாகவும் தெரியும்.

மூன்றாவது, மின்கலம் இல்லாத இலேசான கண்ணாடி. சங்குகளில் வலம்புரி, இடம்புரி என்று இரண்டு இருப்பதுபோல ஒளியையும் வலஞ்சுழியாகவும் இடஞ்சுழியாகவும் சுழலவிடலாம். பாடசாலைப் பௌதிகவியலில் முனைவாக்கம் என்று படித்தது இதைத்தான். இந்த வகைப் பெட்டியின் திரைமேல் ஒரு மெல்லிய படலம் ஒட்டியிருக்கும். அது ஒரு வரியின் ஒளியை வலஞ்சுழியாக்கும், அடுத்த வரியின் ஒளியை இடஞ்சுழியாக்கும். கண்ணாடியின் ஒரு வில்லை வலஞ்சுழி ஒளியை மட்டும் விடும், மற்றது இடஞ்சுழி ஒளியை மட்டும் விடும். கண்ணாடி மலிவு, பாரமில்லை, படம் நடுங்குவதில்லை. ஆனால் 1080 வரிகள் கொண்ட திரையில் ஒவ்வொரு கண்ணுக்கும் 540 வரிகள்தான் கிடைக்கும்.

கண்ணாடியே இல்லாத முறையும் உண்டு. திரைக்கு முன்னால் மிக நுண்ணிய தடுப்புகளை வைத்து, ஒரு கண்ணுக்கு ஒரு வரிசைப் புள்ளிகளும் மற்றக் கண்ணுக்கு அடுத்த வரிசையும் தெரியச் செய்வார்கள். 2011இல் வந்த நின்ரென்டோ 3டிஎஸ் என்ற கையடக்க விளையாட்டுக் கருவி இப்படித்தான் இயங்கியது. தலை சரியான இடத்தில் இருந்தால்தான் ஆழம் தெரியும். ஒருவர் கையில் வைத்துப் பார்க்கும் கருவிக்கு அது பொருந்தும். ஏழெட்டுப் பேர் அங்குமிங்கும் இருந்து பார்க்கும் வீட்டுக்குப் பொருந்தவில்லை.

கடல் அடிவானம் ஒரு சாண் தூரத்தில்

திரையில் ஒரு பொருளின் இடக்கண் படமும் வலக்கண் படமும் ஒரே இடத்தில் விழுந்தால் அந்தப் பொருள் திரையின் மட்டத்தில் நிற்பதாகத் தெரியும். வலக்கண் படம் இடப்பக்கமும் இடக்கண் படம் வலப்பக்கமுமாகத் தள்ளியிருந்தால் பொருள் திரைக்கு முன்னால் மிதக்கும். இதன் எதிர்ப்புறமாக இருந்தால் திரைக்குப் பின்னால் போகும். எவ்வளவு தள்ளியிருக்கிறது என்பதே ஆழத்தின் அளவு.

இதில் ஒரு சிறு கணக்கு இருக்கிறது. 10 மீற்றர் அகலமான திரையரங்குத் திரையில் ஒரு கடற்காட்சி. அடிவானத்தின் இரு படங்களும் 6.3 சென்ரிமீற்றர் தள்ளியிருக்கின்றன. நம் கண்களின் இடைவெளியும் அதே அளவு என்பதால் இரு கண்களின் பார்வைக் கோடுகளும் இணையாகச் செல்லும். அடிவானம் எல்லையற்ற தொலைவில் இருப்பதாகத் தெரியும்.

அதே படத்தை அப்படியே 46 அங்குலத் தொலைக்காட்சியில் போடுங்கள். அதன் அகலம் ஏறக்குறைய ஒரு மீற்றர். படம் பத்தில் ஒன்றாகச் சுருங்கும்போது அந்த இடைவெளியும் 0.63 சென்ரிமீற்றராகச் சுருங்கிவிடும். இரண்டு மீற்றர் தூரத்தில் இருந்து பார்ப்பவருக்கு அடிவானம் 2.2 மீற்றரில் நிற்கும். அதாவது திரைக்குப் பின்னால் சுமார் ஒரு சாண் தூரத்தில்! திரையரங்கில் கடலாகத் தெரிந்தது வீட்டில் மீன்தொட்டியாகிவிடுகிறது. பெட்டியில் பழுது இல்லாதபோதும் "தியேட்டர் மாதிரி இல்லையே" என்று தோன்றுவதற்கு இதுவே முக்கிய காரணம்.

சிறு பிள்ளைகளின் கண் இடைவெளி குறைவு என்பதால் அதே படத்தில் அவர்களுக்குத் திரைக்குப் பின்னால் தெரியும் ஆழம் நம்மைவிட அதிகமாக இருக்கும்.

தலைவலி ஏன் வருகிறது?

நிஜ உலகில் கிட்டவுள்ள பொருளைப் பார்க்கும்போது இரண்டு வேலைகள் ஒன்றாக நடக்கின்றன. இரு கண்களும் உள்நோக்கித் திரும்புகின்றன. அதே வேளை கண்ணின் வில்லை தடித்து அந்தத் தூரத்துக்குக் குவிகிறது. பிறந்ததிலிருந்து இவை இரண்டும் சேர்ந்தே பழகியவை.

முப்பரிமாணத் தொலைக்காட்சி இந்தக் கூட்டைப் பிரிக்கிறது. திரை இரண்டு மீற்றரில் இருக்கிறது. பாய்ந்து வரும் பறவை ஒரு மீற்றரில் தெரிகிறது. கண்கள் ஒரு மீற்றருக்குத் திரும்ப வேண்டும், வில்லை இரண்டு மீற்றரிலேயே குவிந்திருக்க வேண்டும். மூளை சமாளிக்கும், ஆனால் களைத்துப்போகும். கண் எரிச்சல், தலைவலி, குமட்டல் எல்லாம் இதனால் வரக்கூடும். பெட்டிக்குக் கிட்ட இருந்து பார்த்தால் இந்த முரண்பாடு இன்னும் கூடும்.

ஒரு கண்ணுக்குரிய படம் மற்றக் கண்ணுக்குக் கொஞ்சம் கசிவதும் உண்டு. பொருளின் ஓரத்தில் நிழல்போல இன்னொரு உருவம் தெரிந்தால் காரணம் இந்தக் கசிவுதான். படலம் ஒட்டிய வகைப் பெட்டிகளில், பெட்டியை உயரமான அலுமாரிமேல் வைத்துவிட்டுப் பாயில் இருந்து அண்ணாந்து பார்த்தால் இது மிகுதியாக வரும். கீழிருந்து பார்க்கும்போது ஒரு வரியின் ஒளி அடுத்த வரிக்குரிய படலத்தின் வழியே வந்துவிடுகிறது. பெட்டியைக் கண் மட்டத்துக்கு இறக்கினாலே இது பெரும்பாலும் சரியாகிவிடும். மின்கலக் கண்ணாடி வகையில் வேறொரு தொல்லை: பழைய குழல் விளக்கு எரிந்தால் அறையே நடுங்குவதுபோலத் தெரியும். விளக்கை அணைத்துவிட்டுப் பார்ப்பது நல்லது.

ஒரு கண்ணால் பார்ப்பவர்கள்

புத்தளம் மாவட்டம் போரின் களமாக இல்லாவிட்டாலும் போரின் சுமையைத் தாங்கிய மண். 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களில் பெரும் பகுதியினர் வந்து சேர்ந்தது இங்கேதான். அவர்களோடும் அவர்களுக்குப் பின்னும் வந்த குடும்பங்களில் காயத்தோடு வந்தவர்களும் உண்டு. வடக்கிலும் கிழக்கிலும் இந்தக் கட்டுரையை வாசிக்கும் பலருக்கும் அப்படி ஒரு உறவினரையாவது தெரிந்திருக்கும்.

ஒரு கண்ணை இழந்தவருக்கு முதல் மாதங்கள் கடினம். கோப்பைக்கு வெளியே தண்ணீர் ஊற்றுவது, படியில் கால் தவறுவது, நீட்டிய கையைப் பிடிக்கத் தடுமாறுவது எல்லாம் நடக்கும். இரு கண் வேறுபாடு என்ற அளவுகோல் போய்விட்டதே காரணம். காலம் செல்லச் செல்ல மூளை மற்றக் குறிப்புகளைக் கூடுதலாகப் பாவிக்கப் பழகிக்கொள்கிறது. தலையை இலேசாக இடமும் வலமும் அசைத்தால் கிட்டவுள்ளவை கூடுதலாக நகரும், அதிலிருந்து தூரம் புரியும். போத்தலின் வாயைக் கோப்பையின் விளிம்பில் தொடவைத்து ஊற்றலாம். நாளாந்த வேலைகளைப் பலர் பழையபடி செய்யப் பழகிவிடுகிறார்கள். பார்வையை இழந்த கண்ணின் பக்கத்திலிருந்து திடீரென வரும் ஆட்களும் வாகனங்களும்தான் நீடித்த சிக்கல். அந்தப் பக்கத்தில் நாம் நடப்பது அவர்களுக்கு உதவி.

முப்பரிமாணப் படத்தைப் பொறுத்தவரை நிலைமை வேறு. அது புதிதாகத் தருவது இரு கண் வேறுபாட்டை மட்டும்தான். அதைப் பெற இரண்டு கண்கள் தேவை. பழக்கத்தாலோ பயிற்சியாலோ இதை மாற்ற முடியாது. "உற்றுப் பார், தெரியும்" என்று அவரை வற்புறுத்துவதில் பயனில்லை. வேடிக்கையாகச் சொல்வதாக நினைத்து மனதைப் புண்படுத்தவும் வேண்டாம்.

ஆனால் அவரும் குடும்பத்தோடு இருந்து அதே படத்தைப் பார்க்கலாம். கண்ணாடி இல்லாமல் பார்த்தால் இரண்டு படங்களும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். கண்ணாடியைப் போட்டால் பார்வையுள்ள கண்ணுக்கு முன்னால் உள்ள வில்லை ஒரு படத்தை மட்டும் விடும். சாதாரணத் தொலைக்காட்சிபோலத் தெளிவான தட்டையான படம் கிடைக்கும். ஆகவே அவருக்கும் ஒரு கண்ணாடியை எடுத்துக் கொடுங்கள்.

வேறு சிலருக்கும் கவனம் தேவை. தலையில் காயப்பட்டு அதன்பின் வலிப்பு வருபவர்களுக்கு மினுங்கும் ஒளி ஆபத்தாகலாம். உற்பத்தியாளர்களின் கையேடுகளும் வலிப்பு நோய் உள்ளவர்களை எச்சரிக்கின்றன. வைத்தியரைக் கேட்காமல் அவர்கள் முப்பரிமாணப் படம் பார்க்க வேண்டாம். திரையிலிருந்து சிதறல்கள் முகத்தை நோக்கிப் பறந்து வரும் குண்டுவெடிப்புக் காட்சிகள் நமக்கு வேடிக்கையாக இருக்கலாம். அதை நேரில் கண்டவருக்கு அது வேடிக்கையாக இருக்க வேண்டும் என்றில்லை. எழுந்து போக விரும்பினால் விட்டுவிடுவதே மரியாதை.

பிள்ளைக்குத் தெரியவில்லை என்றால்

இரண்டு கண்களும் இருந்தும் ஆழம் தெரியாதவர்கள் உண்டு. ஒரு கண் விலகி நிற்கும் மாறுகண், ஒரு கண்ணில் மட்டும் பார்வை மங்கியிருக்கும் சோம்பல் கண், ஒரு பக்கக் கண்புரை போன்றவை காரணங்களாகலாம். சிறு வயதில் இரு கண்களும் ஒரே பொருளை நோக்காவிட்டால் மூளை ஒரு கண்ணின் படத்தை ஒதுக்கிவிடும். அந்தப் பிள்ளைக்குத் தன்னிடம் ஒரு குறை இருப்பதே தெரியாது. பிறந்ததிலிருந்து அப்படித்தான் பார்த்திருக்கிறது.

அந்த வகையில் அலுமாரிக்குள் கிடக்கும் முப்பரிமாணக் கண்ணாடி ஒரு நன்மை செய்யக்கூடும். வீட்டில் எல்லோருக்கும் தெரியும் ஆழம் ஒரு பிள்ளைக்கு மட்டும் தெரியவில்லை என்றால், அல்லது அந்தப் பிள்ளைக்கு மட்டும் உடனே தலை வலித்தால், அதைக் கண் பரிசோதனைக்கான காரணமாக எடுத்துக்கொள்ளுங்கள். இது நோய் நிர்ணயம் ஆகாது, ஒரு சைகை மட்டுமே. அரச வைத்தியசாலையின் கண் சிகிச்சைப் பிரிவில் காட்டலாம். சோம்பல் கண்ணுக்கு ஏழெட்டு வயதுக்குள் சிகிச்சை தொடங்கினால் பலன் அதிகம். மூக்குக்கண்ணாடி, நல்ல கண்ணைச் சில மணிநேரம் மூடிவைத்தல் போன்ற எளிய முறைகளே முதலில் வரும். வயது கூடக் கூடப் பலன் குறையும்.

பெரியவர்களுக்கு இது முற்றாக முடியாதது என்று முன்பு நம்பினார்கள். அமெரிக்க நரம்பியல் அறிஞர் புரூஸ் பிரிட்ஜ்மன் சிறு வயதிலிருந்தே ஆழப் பார்வை மிகக் குறைந்தவர். 2012இல், தமது 67ஆவது வயதில், "ஹியூகோ" என்ற முப்பரிமாணப் படத்தைத் திரையரங்கில் பார்த்தார். படம் முடிந்து வெளியே வந்தபோது தெருவிளக்குக் கம்பம் பின்னணியிலிருந்து விலகித் தனியாக நிற்பதை முதன்முறையாகக் கண்டதாகச் சொன்னார். அந்தப் பார்வை அவரிடம் நிலைத்தது. இது அரிதான நிகழ்வு. இதை நம்பி எவரும் தொலைக்காட்சியைச் சிகிச்சையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அவருக்கு இரண்டு கண்களிலும் பார்வை இருந்தது என்பதையும் மறக்க வேண்டாம்.

ஏன் கைவிட்டார்கள்?

முப்பரிமாண ஒளிபரப்பு நீடிக்கவில்லை. அமெரிக்காவில் 2010இல் தொடங்கிய ஈ.எஸ்.பி.என். 3டி அலைவரிசை 2013இல் மூடப்பட்டது. அதே ஆண்டில் பி.பி.சி. தன் முப்பரிமாண முயற்சிகளை நிறுத்தி வைத்தது. பிரித்தானியாவின் ஸ்கை 3டி 2010இல் தொடங்கி 2015இல் முடிந்தது. சம்சுங் 2016இலும், எல்.ஜி., சொனி ஆகியவை 2017இலும் புதிய பெட்டிகளில் இந்த வசதியைக் கைவிட்டன.

தமிழில் முப்பரிமாணத்திலேயே படமாக்கப்பட்ட மிகப் பெரிய படமான "2.0" வெளிவந்தது 2018 நவம்பரில். அதை வீட்டில் முப்பரிமாணமாகப் பார்க்கும் பெட்டிகள் அதற்குள் கடைகளிலிருந்து மறைந்துவிட்டன.

திரையரங்கில் முப்பரிமாணம் பிழைத்தது, வீட்டில் பிழைக்கவில்லை. திரையரங்கில் நாம் இருட்டில், ஒரே திசை நோக்கி, வேறு வேலையின்றி இரண்டரை மணிநேரம் இருக்கிறோம். வீட்டில் அப்படியில்லை. ஒருவர் சாப்பிடுவார், ஒருவர் கைத்தொலைபேசியைப் பார்ப்பார், விருந்தாளி வருவார், பிள்ளை குறுக்கே ஓடும். நான்கு கண்ணாடி உள்ள வீட்டில் ஏழு பேர் இருப்பார்கள். இவற்றோடு படம் மங்கலாகத் தெரிவதும், ஆழம் ஒரு சாணாகச் சுருங்குவதும், பார்ப்பதற்குப் படங்கள் குறைவாக இருப்பதும் சேர்ந்துகொண்டன.

வீட்டில் பெட்டி இருந்தால்

உங்கள் பெட்டி எந்த வகை என்பதைக் கண்ணாடியே சொல்லும். சார்ஜ் ஏற்றும் துளையோ மின்கலமோ இருந்தால் அது கதவு மூடும் வகை. அந்தப் பெட்டிக்கென்று செய்த கண்ணாடி தேவை, வேறு நிறுவனத்தின் கண்ணாடி பெரும்பாலும் ஒத்துழைக்காது. இலேசான பிளாஸ்ரிக் கண்ணாடி என்றால் அது படலம் ஒட்டிய வகை. திரையரங்குகளில் தரும் வட்டச் சுழற்சி வகைக் கண்ணாடிகளும் அதற்குப் பொருந்தும். ஆகவே கண்ணாடி உடைந்துவிட்டது என்று கவலைப்பட வேண்டியதில்லை.

திரையில் ஒரே படம் பக்கத்தில் பக்கத்தில் இரண்டாக, ஒடுங்கித் தெரிந்தால் பயப்பட வேண்டாம். முப்பரிமாணக் கோப்புகள் பல இப்படித்தான் வரும். ரிமோட்டில் 3டி பொத்தானை அழுத்தி, பக்கம் பக்கமாக உள்ள இரண்டு கட்டங்களின் படத்தைத் தெரிவு செய்தால் பெட்டி இரண்டையும் விரித்து ஒன்றாக்கும். மேலும் கீழுமாக வந்தால் அதற்குரிய கட்டத்தைத் தெரிவு செய்யுங்கள். முன்னால் நிற்க வேண்டியவை பின்னாலும் பின்னால் நிற்பவை முன்னாலும் தெரிந்தால் இட, வலப் படங்கள் மாறியுள்ளன. அவற்றை மாற்றும் தெரிவு பட்டியலில் இருக்கும்.

சாதாரணப் படத்தை முப்பரிமாணமாக்கும் பொத்தானும் பல பெட்டிகளில் உண்டு. இல்லாத இரண்டாவது படத்தைப் பெட்டி ஊகித்துச் செய்கிறது. முகம் முன்னால், வானம் பின்னால் என்பது போன்ற பொது விதிகளை வைத்துச் செய்வதால் பல இடங்களில் பிழைக்கும், கண்ணும் விரைவில் களைக்கும்.

46 அங்குலப் பெட்டிக்கு ஏறக்குறைய இரண்டு மீற்றர் தூரம் பொருத்தம். பெட்டி கண் மட்டத்தில் இருக்கட்டும். ஒரு மணிநேரத்துக்கு ஒருமுறை கண்ணாடியைக் கழற்றி வாசலில் நின்று தூரத்தைப் பாருங்கள். ஆறு வயதும் அதற்குக் குறைந்த வயதும் உள்ள பிள்ளைகளுக்கு முப்பரிமாணத்தை அணைத்து வையுங்கள். நின்ரென்டோ தன் கருவிக்கு விதித்த வயது எல்லையும் அதுவே.

தலைவலி வரும் ஒருவர் மற்றவர்களோடு சேர்ந்து பார்க்க விரும்பினால், இலேசான வகைக் கண்ணாடிகள் இரண்டை எடுத்து, இரண்டின் இடப்பக்க வில்லைகளையும் ஒரே சட்டத்தில் மாட்டிக் கொடுங்கள். அவருடைய இரு கண்களுக்கும் ஒரே படம் போகும். மற்றவர்கள் முப்பரிமாணத்தில் பார்க்க, அவர் தட்டையாகவே பார்ப்பார். கதை ஒன்றுதான், சிரிக்கும் இடமும் ஒன்றுதான்.

ஒன்றுமே சரிவரவில்லை என்றால் அந்தப் பொத்தானை மறந்துவிடலாம். முப்பரிமாணத்தை அணைத்தால் அது வழமையான நல்ல தொலைக்காட்சிதான். செய்தியோ கிரிக்கெட்டோ பழைய படமோ, ஒரு கண்ணால் பார்ப்பவரும் இரண்டு கண்ணால் பார்ப்பவரும் ஒரே பாயில் இருந்து ஒன்றாகப் பார்க்க அதுவே போதும்.